பழைய வரைபடங்கள்: சேர்த்தவருக்கு மட்டுமா சொந்தம்?



அஞ்சல்தலை சேர்ப்போரை நாம் அறிவோம். பழைய நாணயம் சேர்ப்போரையும் அறிவோம். பழைய நிலவரைபடங்களைத் தேடித்தேடிச் சேர்ப்போர் உலகெங்கும் இருக்கிறார்கள் என்பதும், அவர்கள் கூடிப் பேசுவதற்கென்றே பன்னாட்டுச் சந்திப்புகள் நடைபெறுகின்றன என்பதும் நம்மில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். 'பணம் படைத்தவர்களின் பொழுதுபோக்கு. இதனால் நமக்கும் நம் பள்ளிகளுக்கும் ஆவதென்ன?' என்று கேட்கத் தோன்றும். ஆவது நிறைய உண்டு என்பதே என் கருத்து. அதே வேளையில், அச்சந்திப்புகளை நோக்கி நாம் எழுப்ப வேண்டிய கேள்விகளும் உண்டு. இரண்டையும் ஒருசேரப் பார்ப்போம்.

எங்கே கூடுகிறார்கள்?

இச்சந்திப்புகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, சந்தை. இலண்டன் அரச புவியியல் கழகத்தின் கட்டடத்தில் பல ஆண்டுகளாக ஜூன் மாதத்தில் வரைபடச் சந்தை நடைபெற்று வருகிறது. அமெரிக்காவின் மயாமி நகர வரலாற்று அருங்காட்சியகத்தில் 1990களில் தொடங்கிய சந்தையும் புகழ்பெற்றது. பல நாட்டு வணிகர்கள் மேசை போட்டு, பிளாஸ்டிக் உறையிட்ட வரைபடத் தாள்களை அடுக்கி வைத்திருப்பார்கள். சிறிய தாள் ஒன்று சில நூறு வெள்ளிக்கும் கிடைக்கும். அரியதோர் உலக வரைபடம் ஒரு வீட்டின் விலைக்கும் போகும்.

இரண்டாவது, சேகரிப்பாளர் கழகங்களின் ஆண்டுக் கூட்டம். பன்னாட்டு வரைபடச் சேகரிப்பாளர் கழகம் 1980-இல் இலண்டனில் தோன்றியது. ஆண்டுக்கு ஒரு நாடு என்ற முறையில் அதன் கருத்தரங்கு இடம் மாறிக்கொண்டே இருக்கும். 2016-இல் சிகாகோ, 2017-இல் ஹம்பர்க் என்று சுற்றி, 2018-இல் நம் பக்கத்து நகரங்களான மணிலாவுக்கும் ஹாங்காங்கிற்கும் வந்தது.

மூன்றாவது, ஆய்வாளர் மாநாடு. வரைபட வரலாற்றுக்கான பன்னாட்டு மாநாடு 1964-இல் இலண்டனில் தொடங்கியது. அண்மைக் காலத்தில் 2019-இல் ஆம்ஸ்டர்டாமிலும், 2022-இல் புக்காரெஸ்டிலும், 2024-இல் பிரான்சின் லியோன் நகரிலும் கூடியது.

பெயரளவில் மூன்றாக இருந்தாலும், இவற்றுக்கு வருகின்ற மாந்தர்கள் பெரும்பாலும் கலந்தே இருக்கிறார்கள். விற்கும் வணிகர், வாங்கும் சேகரிப்பாளர், ஆராயும் பேராசிரியர், காக்கும் நூலகர் ஆகிய நால்வரும் ஒரே கூடத்தில் ஒரே தாளின் மீது குனிந்து நிற்கும் காட்சி வேறு துறைகளில் அரிது. இதுவே இச்சந்திப்புகளின் பலம். பின்னர்க் காணப்போவது போல, இதுவே இவற்றின் பலவீனமும் ஆகும்.

ஆர்வலர் தந்த அறிவு

பட்டம் பெற்றவர்தாம் ஆராய்ச்சி செய்ய முடியும் என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். வரைபட உலகம் அதை மறுக்கிறது.

1472 முதல் 1700 வரை அச்சான உலக வரைபடங்களுக்கு இன்றளவும் அடிப்படை நூலாக விளங்குவது ரோட்னி ஷெர்லி 1983-இல் வெளியிட்ட பட்டியல் நூல். அவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். தம் ஆர்வத்தால் வரைபடம் சேர்த்தவர். இன்று ஏல நிறுவனங்களும் நூலகங்களும் ஓர் உலக வரைபடத்தைக் குறிப்பிடும்போது, அந்நூலில் அதற்குள்ள வரிசை எண்ணையும் சேர்த்தே குறிப்பிடுகின்றன. நம் தென்கிழக்காசியாவின் பழைய வரைபடங்களைப் பற்றி 1999-இல் விரிவான நூல் எழுதிய தாமஸ் சுவாரெஸ் ஒரு வயலின் கலைஞர்.

இன்னோர் எடுத்துக்காட்டு நம் மாணவர்களுக்கு மிகவும் பிடிக்கும். கிளென் மெக்லாஃப்லின் என்னும் அமெரிக்கர் 1971-இல் இலண்டனில் ஒரு பழைய வரைபடத்தைக் கண்டார். அதில் கலிபோர்னியா ஒரு தீவாக வரையப்பட்டிருந்தது. உண்மையில் அது வட அமெரிக்கப் பெருநிலத்தோடு ஒட்டிய நிலப்பகுதி. 'ஏன் இப்படி வரைந்தார்கள்?' என்ற கேள்வி அவரை விடவில்லை. அதே பிழையைக் கொண்ட வரைபடங்களை மட்டுமே தேடிச் சேர்த்தார். எழுநூற்றுக்கும் மேற்பட்டவை சேர்ந்தன. அத்தொகுப்பு 2011-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தை அடைந்தது.

அத்தனையையும் ஒன்றாக அடுக்கிப் பார்த்தபோதுதான் ஒரு செய்தி தெளிவாகப் புலப்பட்டது. பதினாறாம் நூற்றாண்டு வரைபடங்கள் பல அந்நிலத்தைத் தீபகற்பமாகச் சரியாகவே காட்டின. பதினேழாம் நூற்றாண்டில்தான் அது தீவாக மாறியது. ஒருவர் வரைந்ததை அடுத்தவர் பார்த்து எழுத, நூறாண்டுக்கும் மேலாகப் பிழை உலாவந்தது. கீனோ என்னும் பாதிரியார் 1700-ஐ ஒட்டி நிலவழியே பயணம் செய்து, அது தீவன்று என்று வரைந்து காட்டினார். அதன் பிறகும் பிழை உடனே சாகவில்லை. கலிபோர்னியா தீவு அன்று என்று ஸ்பெயின் மன்னர் 1747-இல் ஆணை பிறப்பிக்கும் அளவுக்கு அது வேரூன்றி இருந்தது.

அறிவு எப்போதும் முன்னோக்கியே நடக்கும் என்பது பொய்; பார்த்து எழுதுவதால் அது பின்னோக்கியும் நடக்கும். இதைவிடச் சிறந்த பாடத்தை எந்தப் பாடநூல் நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் போகிறது? இத்தனைக்கும், தனித்து ஒரே ஒரு வரைபடத்தைச் சுவரில் மாட்டி வைத்திருந்தால் இவ்வுண்மை வெளிப்பட்டிராது. பல பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதே வெளிப்பட்டது.

பக்கத்தில் வைத்துப் பார்த்தல்

சேகரிப்பாளர்கள் ஏன் கடல் கடந்து கூட வேண்டும் என்பதற்கும் விடை இதுவே.

அக்காலத்து வரைபடங்கள் பெரும்பாலும் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிடப்பட்டவை. தகடு விலையுயர்ந்தது. ஆகவே ஒரு தகட்டைப் பல பத்தாண்டுகள் பயன்படுத்துவார்கள். பழைய பெயரைத் தட்டித் தேய்த்துவிட்டுப் புதிய பெயரைச் செதுக்குவார்கள். கப்பல் ஒன்றைச் சேர்ப்பார்கள். பதிப்பாளர் இறந்தால் தகட்டை வாங்கியவர் தம் பெயரைப் பொறிப்பார். மேலோட்டமாக ஒன்றுபோல் தோன்றும் இரு தாள்களுக்கிடையே நாற்பது ஆண்டு இடைவெளி இருக்கலாம். இரண்டையும் அருகருகே வைத்து, நீர்க்குறியையும் மைக்கோட்டையும் ஒப்பிட்டாலன்றி இது தெரியாது.

போலிகளும் இவ்வாறே பிடிபடுகின்றன. உருண்டையாக ஒட்டிப் பூகோளம் செய்வதற்கென்று வால்ட்சீமுல்லர் 1507-இல் அச்சிட்ட தாளின் பிரதி ஒன்று, 2017 டிசம்பரில் இலண்டன் கிறிஸ்டீஸ் நிறுவனத்தில் ஏலத்திற்கு வரவிருந்தது. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ஃபோர்டு பெல் நூலகத்தில் உள்ள பிரதியோடு அதை ஒப்பிட்டவர்களுக்கு ஐயம் எழுந்தது. அந்தப் பிரதியிலிருந்தே இது நகலெடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்று வணிகரும் ஆய்வாளரும் தாள் பாதுகாப்பு வல்லுநரும் சுட்டிக்காட்ட, ஏலத்திலிருந்து அது விலக்கிக்கொள்ளப்பட்டது. பல வகைப்பட்ட கண்கள் ஒன்றுகூடியதால் விளைந்த நன்மை இது.

எனவே, இச்சந்திப்புகளை வெறும் வேடிக்கை என்று ஒதுக்குவோரோடு நான் உடன்படேன்.

சந்தையின் மறுபக்கம்

ஆயினும், நாணயத்திற்கு இரு பக்கம் உண்டு. சந்தை இருக்கும் இடத்தில் விலை இருக்கும். விலை இருக்கும் இடத்தில் கத்தரிக்கோலும் இருக்கும்.

சந்தை மேசைகளில் தனித்தனித் தாளாகக் கிடக்கும் வரைபடங்களில் மிகப்பல, பிறக்கும்போது தனித்தாளாகப் பிறக்கவில்லை. அவை அட்லஸ் எனப்படும் வரைபட நூல்களின் பக்கங்கள். முழு நூலாக விற்பதைவிடப் பக்கம் பக்கமாகப் பிரித்து விற்றால் மொத்தத்தில் மிகுதியான பணம் கிடைக்கும் என்பதால், பழைய நூல்கள் பிரிக்கப்பட்டன. இதனால் இழப்பது என்ன? வரைபடத்தின் பின்பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்திற்குத் தொடரும் விளக்கவுரை அறுந்துபோகிறது. எந்த நாட்டிற்கு அடுத்து எந்த நாட்டை வைத்தார், எதற்கு முதலிடம் தந்தார் என்ற நூலாசிரியரின் எண்ணம் மறைந்துபோகிறது. ஓலைச்சுவடிக் கட்டைப் பிரித்து, அழகான ஏடுகளை மட்டும் சட்டம் போட்டு விற்றால் நாம் பொறுப்போமா?

இதைவிடக் கொடியது திருட்டு. எட்வர்டு ஃபோர்ப்ஸ் ஸ்மைலி என்பவர் இத்துறையில் பெயர் பெற்ற வணிகர், சேகரிப்பாளர்களுக்கு ஆலோசகர், நூலகர்கள் நம்பிக் கதவு திறந்துவிட்ட மனிதர். 2005 ஜூன் மாதத்தில் யேல் பல்கலைக்கழக நூலகத்தின் தரையில் ஒரு சிறு கத்தியலகு கிடப்பதை ஊழியர் ஒருவர் கண்டார். அந்த அலகு ஸ்மைலியின் கைவரிசையை வெளிக்கொணர்ந்தது. நியூயார்க் பொது நூலகம், பாஸ்டன் பொது நூலகம், இலண்டன் பிரிட்டிஷ் நூலகம் உள்ளிட்ட இடங்களிலிருந்து 97 வரைபடங்களைத் திருடியதாக அவர் ஒப்புக்கொண்டார். அவற்றின் மதிப்பு சுமார் 3 மில்லியன் அமெரிக்க டாலர். 2006-இல் அவருக்கு மூன்றரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இங்கே நான் கேட்க விரும்புவது இதுதான். அவர் திருடியவற்றை வாங்கியவர்கள் யார்? பழுத்த அனுபவமுள்ள வணிகர்களும் சேகரிப்பாளர்களுந்தாம். தாளின் வயதை நீர்க்குறி கொண்டு கணிக்கத் தெரிந்தவர்கள், 'இஃது உங்கள் கைக்கு எப்படி வந்தது?' என்ற எளிய கேள்வியைக் கேட்கவில்லை; கேட்டிருந்தாலும் கிடைத்த விடையோடு நின்றுவிட்டார்கள். எல்லாரும் எல்லாருக்கும் நண்பராக இருக்கும் ஒரு சிறிய வட்டத்தில், அப்படிக் கேட்பது நாகரிகக் குறைவு போலத் தோன்றியிருக்கும். நால்வரும் ஒரே கூடத்தில் நிற்பது பலவீனமும் ஆகும் என்று முன்னர்ச் சொன்னது இதனால்தான். நட்பு, கேள்வியை விழுங்கிவிடுகிறது.

ஒரு தாளால் என்ன ஆகும்?

'போகட்டும், பழைய காகிதந்தானே!' என்பார் உண்டு. காகிதம் என்ன செய்யும் என்பதற்கு நம் வட்டாரத்திலேயே சான்று இருக்கிறது.

கம்போடியாவுக்கும் தாய்லாந்துக்கும் இடையே மலை முகட்டில் பிரியா விகார் என்னும் பழைய சிவன் கோயில் உள்ளது. நீர்பிரி மேட்டையே எல்லையாகக் கொள்வதென்று 1904-ஆம் ஆண்டு ஒப்பந்தம் சொன்னது. ஆனால் பிரெஞ்சு அதிகாரிகள் வரைந்து 1908-இல் சயாம் அரசுக்கு அளிக்கப்பட்ட வரைபடம், கோயிலைக் கம்போடியாவின் பக்கம் காட்டியது. சயாம் பல பத்தாண்டுகள் மறுப்புத் தெரிவிக்கவில்லை. வழக்கு அனைத்துலக நீதிமன்றத்திற்குச் சென்றபோது, அவ்வரைபடத்தையும் அந்நீண்ட மௌனத்தையும் முதன்மைக் காரணங்களாகக் கொண்டு, கோயில் கம்போடியாவுக்கே உரியது என்று 1962-இல் தீர்ப்பாயிற்று.

நமக்கு இன்னும் நெருக்கமானது பெட்ரா பிராங்கா என்றும் பத்து பூத்தே என்றும் வழங்கும் சிறு பாறைத்தீவு. மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் இடையிலான அவ்வழக்கில் 2008 மே மாதம் தீர்ப்பு வந்தது. கடிதங்களோடும் பிற ஆவணங்களோடும் சேர்த்து, 1960களிலும் 70களிலும் வெளியான சில அரசு வரைபடங்களில் அத்தீவின் பெயருக்கு அருகில் அச்சாகியிருந்த ஒரு சிறு குறிப்பும் தீர்ப்பில் எடுத்துப் பேசப்பட்டது. வழக்கின் நியாயங்களுக்குள் நான் புகவில்லை. வரைபடத்தில் ஓர் அடைப்புக்குறிக்குள் இருக்கும் ஒற்றைச் சொல்லும் நாடுகளின் கவனத்திற்கு உரியது என்பதை மட்டும் நம் மாணவர்கள் உணர்ந்தால் போதும்.

பிலிப்பைன்ஸ் நாட்டார் இதை நன்கு உணர்ந்தவர்கள். முரில்லோ வெலார்டே என்னும் பாதிரியார் 1734-இல் மணிலாவில் வெளியிட்ட பெரிய வரைபடம் அவர்களுக்குத் தேசியச் சொத்து போன்றது. அதைச் செதுக்கியவர் நிக்கோலாஸ் டி லா குரூஸ் பகாய் என்னும் அந்நாட்டுக் கைவினைஞர். இங்கிலாந்துப் பிரபு குடும்பம் ஒன்றின் மாளிகையில் கிடந்த பிரதியை 2014-இல் இலண்டன் ஏலத்தில் ஒரு பிலிப்பைன்ஸ் தொழிலதிபர் வாங்கி நாட்டுக்குக் கொண்டுவந்தார். தென்சீனக் கடல் பற்றிய பொதுவிவாதங்களில் அவ்வரைபடம் மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டப்படுகிறது. ஓர் ஏல மேசையில் சுத்தியல் விழும் ஒலிக்கும் ஒரு மீனவனின் கடலுரிமைக்கும் தொடர்பு இருக்க முடியும் என்பதற்கு இது சான்று.

இவ்வளவு கனமான பொருளைச் சேர்ப்பவர், 'என் பணம், என் பெட்டி, என் விருப்பம்' என்று மட்டும் சொல்லி நிற்கலாமா? கூடாது என்பதே என் நிலைப்பாடு.

மறுப்பாளர் கூற்று

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது வலுவானதும்கூட. தனியார் காத்திராவிட்டால் பல வரைபடங்கள் என்றோ அழிந்திருக்கும் என்பார்கள்.

உண்மை. அமெரிக்கா என்ற பெயரை முதன்முதலில் தாங்கிய வால்ட்சீமுல்லரின் 1507-ஆம் ஆண்டுப் பெரிய உலக வரைபடத்தை எடுத்துக்கொள்வோம். ஆயிரம் பிரதிகள் அச்சானதாகச் சொல்லப்படும் அதில், இன்று எஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. ஜெர்மனியில் வோல்ஃபெக் மாளிகையின் நூலகத்தில் ஒரு பிரபு குடும்பம் அதை வைத்திருந்தது. 1901-இல் யோசப் ஃபிஷர் என்னும் பாதிரியார் அதைக் கண்டெடுத்தார். 2003-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 10 மில்லியன் டாலர் கொடுத்து வாங்கியது. மாளிகை காத்திராவிட்டால் அந்த ஒன்றும் நமக்கு இல்லை.

ஆனால் முழுக்கதையையும் பார்க்க வேண்டும். மாளிகையில் பூட்டிக்கிடந்த காலமெல்லாம் அவ்வரைபடம் உலகத்தைப் பொறுத்தவரை இல்லாத ஒன்றே. காத்தல் பாதி அறம், காட்டுதல் மறுபாதி. நெல்லைக் குதிருக்குள் வைப்பது பஞ்சத்திற்காகத்தான். பஞ்சம் வந்தபோதும் திறக்காத குதிரை என்னென்பது?

காட்டுதல் என்னும் மறுபாதியைச் செய்துகாட்டியவர்களும் சேகரிப்பாளர்களே. டேவிட் ரம்சி என்னும் அமெரிக்கச் சேகரிப்பாளர், தாம் சேர்த்த வரைபடங்களை மிக நுணுக்கமாகப் படமெடுத்து, இலட்சத்திற்கும் மேற்பட்டவற்றை எவரும் கட்டணமின்றிக் காணுமாறு இணையத்தில் வைத்தார். மூலத் தாள்களை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திற்கு அளித்தார். அவர் பெயரிலான வரைபட நிலையம் 2016-இல் அங்கே திறக்கப்பட்டது. சிங்கப்பூர் தேசிய நூலகத்திலும் தென்கிழக்காசியப் பழைய வரைபடங்களின் அரிய தொகுப்பு உண்டு. 2015-இல் அந்நூலகம் நடத்திய வரைபடக் கண்காட்சி, பொதுமக்களும் அவற்றைக் காணும் வாய்ப்பைத் தந்தது. வழி இருக்கிறது, எல்லாரும் அதில் நடக்க வேண்டும் என்பதே கோரிக்கை.

சந்திப்புகளிடம் மூன்று கோரிக்கைகள்

ஆகவே, பன்னாட்டு வரைபடச் சந்திப்புகளை நடத்துவோர் கீழ்க்காணும் மூன்றையும் நடைமுறையாக்க வேண்டும் என்பது என் கருத்து.

1. மேசையில் வைக்கப்படும் ஒவ்வொரு தாளுக்கும், அது யாரிடமிருந்து யாருக்குக் கைமாறி வந்தது என்ற குறிப்பு இணைக்கப்பட வேண்டும். தெரியாத பகுதி இருந்தால் 'தெரியவில்லை' என்று வெளிப்படையாக எழுத வேண்டும்.

2. முழுமையாக உள்ள நூலைப் பிரித்து விற்பதில்லை என்ற உறுதிமொழியை, பங்கேற்கும் வணிகர்களிடம் பெற வேண்டும். முன்பே பிரிந்த தாள்களை ஒன்றும் செய்வதற்கில்லை. இனிப் பிரியாமல் காக்கலாம்.

3. சந்திப்பு எந்நகரில் நடக்கிறதோ, அந்நகரின் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் அரைநாளேனும் கட்டணமின்றிக் கதவு திறக்கப்பட வேண்டும். வாங்க வராதவர்கள்தாம் நல்ல கேள்விகளைக் கேட்பார்கள்.

நம் பங்கு என்ன?

பிறரிடம் கோரிக்கை வைத்துவிட்டு நாம் கைகட்டி நிற்பது முறையன்று. ஆசிரியராகவும் பெற்றோராகவும் நாம் செய்யக்கூடியவை உண்டு. விலையுயர்ந்த தாள் எதுவும் வேண்டியதில்லை. இணையத்தில் கிடைக்கும் ஒரு பழைய ஆசிய வரைபடத்தைப் பெரிதாக அச்செடுத்து வகுப்பில் மாட்டுங்கள். மூன்று கேள்விகளை மட்டும் கேளுங்கள். யார் வரைந்தார்? யாருக்காக வரைந்தார்? எதை வரையாமல் விட்டார்?

இந்தியாவின் கிழக்குக் கரையில் கோரமண்டல் என்று எழுதியிருப்பதை ஒரு மாணவர் கண்டுபிடிப்பார். அது சோழமண்டலம் என்ற நம் சொல் அயலார் நாவில் உருமாறியது என்று நீங்கள் விளக்கும்போது அவர் முகம் மலரும். தாலமியின் நூலை ஒட்டி வரைந்த வரைபடமாக இருந்தால், மலாய்த் தீபகற்பம் இருக்கும் இடத்தில் 'பொன் தீபகற்பம்' என்னும் பொருள்படும் இலத்தீன் பெயரைக் காணலாம். அவ்வரைபடத்தில் கரையோரத் துறைமுகங்கள் நெருக்கமாக இருப்பதையும் உள்நாடு வெறுமையாக இருப்பதையும் பிள்ளைகளே சுட்டிக்காட்டுவார்கள். வணிகனின் செவிக்கு எட்டியது வரையப்பட்டது, எட்டாதது விடுபட்டது. அங்கே மனிதர்கள் இல்லாமல் இல்லை.

விடுபட்டது என்னும்போது நம் சொந்தக் கதைக்கு வந்துதான் ஆகவேண்டும். மலேசியாவில் நம் பாட்டன் பாட்டிமார் வாழ்ந்த இரப்பர்த் தோட்டங்கள் எத்தனை இன்று வரைபடத்தில் உள்ளன? துண்டாடப்பட்டவை சில, வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் நெடுஞ்சாலைகளாகவும் மாறியவை பல. பழைய நில அளவைத் தாள்களில் தோட்டங்களின் பெயர்கள் அச்சாகியுள்ளன. புதிய வரைபடங்களில் அவ்விடங்களுக்குப் புதிய பெயர்கள். அந்தப் பழைய தாள்களுக்கு இலண்டனிலும் மயாமியிலும் பெரிய விலை கிடைக்காது. கடற்பூதமும் பாய்மரக் கப்பலும் அவற்றில் இல்லை. விலை இல்லாததால் அவற்றைத் தேடிச் சேர்ப்பாரும் குறைவு. சந்தை எதை மதிக்கிறதோ அது மட்டுமே காக்கப்படும் என்று விட்டுவிட்டால், நம் வரலாறு எந்தப் பெட்டியிலும் இடம்பெறாது.

எனவே பெற்றோர்களே, வரும் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைத் தாத்தா பாட்டியின் அருகில் ஒரு வெள்ளைத்தாளோடு உட்கார வையுங்கள். அவர்கள் வாழ்ந்த தோட்டத்தை அவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் வரையட்டும். லயத்து வீடுகள் எத்தனை வரிசை, பெரட்டுக்களம் எங்கே, ஆயாக்கொட்டகை எங்கே, கோயில் எந்தத் திசை, பள்ளிக்கூடம் எவ்வளவு தொலைவு, ஆற்றை எங்கே கடந்தார்கள் என அனைத்தும் தாளில் ஏறட்டும். அளவு பிசகினால் பிசகட்டும். மூலையில் தேதியும், சொன்னவர் பெயரும், வரைந்தவர் பெயரும் தவறாமல் இருக்கட்டும். அதே தோட்டத்தில் வாழ்ந்த இன்னொரு குடும்பத்தின் வரைபடத்தோடு அதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேறுபடும் இடத்தில்தான் பேச்சு தொடங்கும்.

ஆசிரிய நண்பர்களே, அத்தாள்களைப் படமெடுத்துப் பள்ளி நூலகத்தில் ஒரு கோப்பாகத் தொகுத்து வையுங்கள். பத்துத் தாள் சேர்ந்தாலே அது ஒரு தொகுப்பு. பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தன்று அவற்றை மேசைமேல் விரித்து வையுங்கள். வருகிறவர்கள் குனிந்து பார்ப்பார்கள். விரல் வைத்துக் காட்டுவார்கள். 'இங்கே ஒரு கிணறு இருந்ததே, அதைக் காணோமே!' என்று யாரேனும் ஒருவர் சொல்வார். அந்தக் கிணற்றையும் சேர்த்து வரையுங்கள்.

அன்புடன்,
ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர்